மாங்கனிப் பனிக்கூழ்



சித்திரை பிறந்துவிட்டது. தேர்வுகள் முடிந்துவிட்டன. நண்பகலில் தெருவில் கால் வைக்க இயலாதபடி வெயில் காய்கின்றது. இத்தகைய நாளில், முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பழகிய தலைமையாசிரியன் ஒருவன் வானொலியிலும் வந்து பாடம் நடத்தத் தொடங்கினால், நீங்கள் பெட்டியை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவீர்கள் என்பதை நான் நன்கு அறிவேன். ஆதலால் இன்று உங்களுக்குத் தின்பண்டம் ஒன்று செய்யும் வகையைச் சொல்ல வந்திருக்கிறேன். மாங்கனியைக் கொண்டு, வீட்டிலுள்ள பாத்திரங்களைக் கொண்டு, பொறி எதுவும் இன்றி நீங்களே செய்யத்தக்க பனிக்கூழ் அது. ஐஸ்கிரீம் என்று நாம் வழங்குவதன் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் இதில் பால் இல்லை, பாலேடு இல்லை. பழமும் சர்க்கரையும் சிறிது தண்ணீரும் எலுமிச்சைச் சாறுமே இதன் பொருள்கள்.

செய்முறையை மட்டும் சொல்வதானால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆனால் செய்முறையை மட்டும் அறிந்தவன், சொன்ன பழம் கிடைக்காதபோதும் சொன்ன பாத்திரம் இல்லாதபோதும் கைகட்டி நிற்பான். ஒவ்வொரு செயலுக்கும் காரணம் இன்னதென்று அறிந்தவனோ, எந்தப் பழத்தைக் கொண்டும் எந்த ஊரிலும் செய்துகொள்வான். ஆகவே செயலையும் காரணத்தையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

நீங்கள் அறிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். உங்கள் வீட்டு முற்றத்தில் மண்பானையில் தண்ணீர் வைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் சுவரில் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் பல உண்டு. அவற்றின் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகின்றது. நீர் ஆவியாக மாறுவதற்கு வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தைப் பானையிடமிருந்தும் அதன் உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்தும் அது எடுத்துக்கொள்கிறது. வெப்பத்தை இழந்த தண்ணீர் குளிர்கிறது. இங்கே யாரும் பானைக்குள் குளிரைக் கொண்டுபோய் ஊற்றவில்லை. குளிர் என்று தனியே ஒரு பொருள் இல்லை. வெப்பம் வெளியேறிய நிலையையே குளிர் என்கிறோம். இந்த ஓர் உண்மையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவன எல்லாம் இதன் விரிவே.

மாம்பழக் கூழை உறைய வைப்பதென்றால், அதிலுள்ள வெப்பத்தை வெளியே எடுக்கவேண்டும். அதனை எடுத்துக்கொள்வதற்குப் பனிக்கட்டி வேண்டும். இன்று பனிக்கட்டி நமக்கு எளிய பொருள். குளிர்பதனப் பெட்டி உள்ள வீட்டில் இரவில் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் கட்டியாகிவிடுகிறது. இந்த எளிமை நெடுங்காலத்தது அன்று. 16-ஆம் நூற்றாண்டில் அக்பர் அரண்மனையில் வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அதன் குளிர்ச்சியில் குடிநீர்க் குடுவையை வைத்துக் குளிரச் செய்தார்கள். வெடிமருந்தில் அனலைக் கக்கும் பொருளே இங்கே குளிர்ச்சியைத் தருகின்ற விந்தையை அபுல் பசல் தம் அயினி அக்பரி என்னும் நூலில் குறித்திருக்கிறார். லாகூரில் தங்கியிருந்த காலத்தில் இமயமலைப் பகுதியிலிருந்து பனியும் பனிக்கட்டியும் அரண்மனைக்கு வந்துகொண்டிருந்த செய்தியும் அந்நூலில் உண்டு.

தென்னாட்டில் நமக்குப் பனிமலை ஏது? நமக்குப் பனிக்கட்டி கடல் கடந்து வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரடெரிக் டியூடர் என்பவர், மாசசூசெட்ஸ் பகுதியில் குளிர்காலத்தில் உறைந்து கிடந்த குளங்களிலிருந்து பனிக்கட்டியை அறுத்தெடுத்துக் கப்பலில் ஏற்றி, 1833-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏறத்தாழ நான்கு திங்கள் பயணம். வெப்பமண்டலக் கடலை இரண்டு முறை கடந்து வரவேண்டும். புறப்படும்போது 180 டன்னாக இருந்த பனிக்கட்டியில் ஏறத்தாழ 100 டன் கல்கத்தா வந்து சேர்ந்தது என்பர். அதே வணிகத்துக்காகச் சென்னைக் கடற்கரையில் 1842-ஆம் ஆண்டில் கட்டப்பட்டதுதான் ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடம். சுவாமி விவேகானந்தர் 1897-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தபோது அங்கே தங்கியதால், இன்று அது விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகின்றது. கடற்கரைக்குப் போகும்போது அந்தக் கட்டடத்தை நிமிர்ந்து பாருங்கள். நாம் தட்டிலிருந்து உதிர்த்தெடுக்கும் பொருள், ஒரு காலத்தில் உலகின் பாதியைச் சுற்றி வந்து, அங்கே பூட்டிக் காக்கப்பட்டது என்பது நினைவுக்கு வரட்டும்.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். நன்றாகப் பழுத்த மாம்பழம் இரண்டோ மூன்றோ எடுத்துக்கொள்ளுங்கள். பங்கனபள்ளி, மல்கோவா, இமாம்பசந்த் ஆகிய நாரில்லாத இனங்கள் மிகவும் ஏற்றவை. நாருள்ள பழமாயின் கூழாக்கியபின் சல்லடையில் வடித்துக்கொள்ளலாம். தோலில் சிறு வடு இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டா. கூழில் வடு தெரியாது. ஆனால் அழுகிய பகுதியை முற்றிலும் நீக்கிவிடவேண்டும். பழத்தை நன்கு கழுவித் தோலைச் சீவி, சதையை வழித்தெடுத்து, மத்தாலோ மின்அரைப்பானாலோ கட்டியின்றிக் கூழாக்குங்கள். கூழ் அரைக்கிலோ இருக்கவேண்டும். 100 கிராம் சர்க்கரையை 100 மில்லிலிட்டர் தண்ணீரில் இட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டுக் கூழுடன் சேருங்கள். அரை எலுமிச்சம்பழத்தின் சாற்றையும் ஒரு சிட்டிகை உப்பையும் கலந்துவிடுங்கள். இப்பொழுது மொத்த எடை ஏறத்தாழ 700 கிராம்.

கலவையைச் சுவைத்துப் பாருங்கள். சற்று மிகையாக இனிப்பதுபோல் தோன்றும். அப்படித்தான் தோன்றவேண்டும். மிகுந்த குளிர்ச்சியில் நாக்கு இனிப்பை முழுமையாக உணர்வதில்லை. உறையாத நிலையில் அளவாக இனிக்கும் கலவை, உறைந்தபின் சப்பென்று இருக்கும். உருகிப்போன ஐஸ்கிரீமைக் குடித்தவர்கள் அது திகட்டுவதை உணர்ந்திருப்பார்கள், காரணம் இதுவே.

சர்க்கரை சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவது அன்று. அதற்கு வேறொரு வேலையும் உண்டு. தூய தண்ணீர் பூச்சியம் பாகை செல்சியசில் உறைகின்றது. அதில் எதையேனும் கரைத்துவிட்டால், உறையும் வெப்பநிலை கீழே இறங்குகின்றது. ஒரு கிலோ தண்ணீரில் 342 கிராம் சர்க்கரையைக் கரைத்தால், உறைநிலை பூச்சியத்துக்குக் கீழே 1.86 பாகை அளவு தாழும் என்பது வேதியியல் கணக்கு. நம் கலவையில் பழத்திலுள்ள சர்க்கரையையும் நாம் இட்ட சர்க்கரையையும் கூட்டினால் ஏறத்தாழ 170 கிராம்; தண்ணீர் ஏறத்தாழ 500 கிராம். விகிதம் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோ தண்ணீருக்கு 340 கிராம். ஆக நம் மாம்பழக் கூழ் உறையத் தொடங்குவது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 2 பாகையில்.

அதோடு முடிந்துவிடவில்லை. கூழிலிருந்து முதலில் உறைவது தண்ணீர் மட்டுமே. சர்க்கரை, உறையாமல் எஞ்சிய பாகில் தங்கிவிடுகிறது. தண்ணீர் உறைய உறைய, எஞ்சிய பாகு மேலும் மேலும் செறிவாகி, அதன் உறைநிலை மேலும் மேலும் தாழ்கின்றது. ஆகவே எவ்வளவு குளிர்ந்தாலும் பனித்துகள்களுக்கு இடையே சிறிது பாகு நீராகவே நின்றுகொண்டிருக்கும். கரண்டி உள்ளே இறங்கும்படி பனிக்கூழ் மென்மையாக இருப்பது இதனால்தான். சர்க்கரையை மிகக் குறைத்துவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது மஞ்சள் நிறக் கல். மிகக் கூட்டிவிட்டால் உறையவே மாட்டாது.

இப்பொழுது ஓர் இடர் எதிர்ப்படுகின்றது. உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டியின் வெப்பநிலை பூச்சியம் பாகை. நம் கூழோ பூச்சியத்துக்குக் கீழே 2 பாகைக்குப் போனால்தான் உறையத் தொடங்கும். எனவே கூழ்ப் பாத்திரத்தைச் சுற்றி உருகும் பனிக்கட்டியை எவ்வளவு குவித்தாலும், நாள் முழுதும் காத்திருந்தாலும், கூழ் குளிருமேயன்றி உறையாது. இந்த இடத்தில்தான் உப்பு நமக்குத் துணைக்கு வருகிறது. பனிக்கட்டியில் கல்லுப்பைக் கலந்தால், அக்கலவை பூச்சியத்துக்கு வெகுவாகக் கீழே இறங்கிவிடுகிறது.

வகுப்பில் இதனைச் செய்துகாட்டியபோது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, உப்பிட்டால் பனிக்கட்டி விரைவாக உருகுகிறதே, உருகுவதென்றால் சூடாவதுதானே? சூடாகும் பொருள் எப்படி முன்னைவிடக் குளிர்ந்துபோகும்?" என்று கேட்டான். எத்தனையோ ஆண்டுகள் கேள்வி கேட்டும் கேட்கப்பட்டும் பழகிய எனக்கு, அதைவிட நல்ல கேள்வி நினைவில் இல்லை. அவனுக்குச் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்கிறேன்.

பனிக்கட்டி உருகுவதற்கு வெப்பம் தேவை. ஒரு கிராம் பனிக்கட்டி, தன் வெப்பநிலை சிறிதும் உயராமல் தண்ணீராக மாறுவதற்கு மட்டும் 80 கலோரி வெப்பம் செலவாகிறது. இதனை உள்ளுறை வெப்பம் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். இதனை ஆராய்ந்து தெளிவாக்கியவர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜோசப் பிளாக் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர்.

பூச்சியம் பாகையில் பனிக்கட்டியும் தண்ணீரும் சேர்ந்திருக்கும்போது, பனிக்கட்டியிலிருந்து சில நீர் மூலக்கூறுகள் பிரிந்து தண்ணீருக்குப் போகின்றன. தண்ணீரிலிருந்து அதே அளவு மூலக்கூறுகள் திரும்பிவந்து பனிக்கட்டியில் ஒட்டிக்கொள்கின்றன. வகுப்பறை வாயிலில், வெளியே போகும் பிள்ளைகளும் உள்ளே வரும் பிள்ளைகளும் எண்ணிக்கையில் ஒத்திருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்போர் தொகை மாறுவதில்லை. இப்பொழுது வாயிலின் வெளிப்புறத்தில் அயலார் பலர் வந்து கலந்து நின்றுவிட்டால் என்ன ஆகும்? வெளியே போவோர் போய்க்கொண்டே இருப்பர். திரும்பி உள்ளே வருவோர் தொகை குறையும். வகுப்பு காலியாகத் தொடங்கும். உப்பு செய்வது இதுதான். தண்ணீரில் கரைந்த உப்பின் துகள்கள் நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டிக்குத் திரும்புவதைக் குறைத்துவிடுகின்றன. பனிக்கட்டி உருகிக்கொண்டே போகிறது. உருகும் ஒவ்வொரு கிராமுக்கும் 80 கலோரி வேண்டும். அடுப்பு இல்லை, அனல் இல்லை. அவ்வெப்பத்தை எங்கே பெறுவது? தன்னிடமிருந்தும், தன்னைச் சூழ்ந்த உப்புநீரிடமிருந்தும், தன்னை ஒட்டி நிற்கும் கூழ்ப் பாத்திரத்திடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே எல்லாம் சேர்ந்து குளிர்கின்றன. மண்பானையில் நீர் ஆவியாகும்போது நிகழ்ந்ததே இங்கே பனிக்கட்டி உருகும்போது நிகழ்கிறது. "உருகுவதற்கு வெப்பம் வேண்டும் என்றால், உருகும் பொருள் வெப்பத்தைக் கடன் வாங்குகிறது என்று சொல்லுங்கள் ஐயா" என்றான் அந்த மாணவன். நான் சொன்னதைவிட அவன் சொன்னது சுருக்கம்.

கலவையின் அளவு செவ்வையாக இருந்தால் பனிக்கட்டியும் உப்பும் பூச்சியத்துக்குக் கீழே 21 பாகை வரையில் குளிரவல்லவை. பாரன்ஹீட் என்னும் அறிஞர் 1724-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் வெப்ப அளவையில், பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் ஆகிய மூன்றின் கலவை தரும் குளிரையே பூச்சியமாக வைத்துக்கொண்டார். அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் என்னும் பெண்மணி, மரத்தொட்டியில் பனிக்கட்டியும் உப்பும் நிரப்பி, நடுவே ஒரு குவளையை வைத்துக் கைப்பிடியால் சுழற்றும் ஐஸ்கிரீம் கருவிக்கு 1843-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அந்தக் கருவியின் வேலையை நாம் இரண்டு பாத்திரங்களைக் கொண்டு செய்துகொள்ளப் போகிறோம்.

ஒன்றரை லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் தூக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடி இறுக்கமாகப் பொருந்தவேண்டும். மாம்பழக் கலவையை அதில் ஊற்றுங்கள். பாதிக்கு மேல் ஊற்றவேண்டா. உறையும்போது கூழ் பருக்கும், கிளறுவதற்கும் இடம் வேண்டும். ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியில், துணியில் கட்டி உடைத்த பனிக்கட்டியை மூன்று விரற்கடை உயரம் பரப்பி, அதன்மேல் ஒரு கைப்பிடி கல்லுப்பைத் தூவுங்கள். நடுவே தூக்கை வைத்து, சுற்றிலும் ஒரு வரிசை பனிக்கட்டி, ஒரு வரிசை உப்பு என்று, கூழின் மட்டத்துக்குச் சற்று மேல்வரையில் நிரப்புங்கள்; தூக்கின் மூடிக்கு எட்டவிடாதீர்கள். இரண்டு கிலோ பனிக்கட்டிக்கு அரைக்கிலோ உப்புப் போதும். வாளியைச் சுற்றிச் சாக்கோ தடித்த போர்வையோ சுற்றிவிடுங்கள். போர்வை நமக்குச் சூடு தருவது, பனிக்கட்டியை மட்டும் எப்படிக் காக்கும் என்று கேட்பீர்கள். போர்வை சூட்டையும் தருவதில்லை, குளிரையும் தருவதில்லை. வெப்பம் குறுக்கே போவதைத் தடுக்கிறது. நம் உடலின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் தடுப்பதும், வெளி வெப்பத்தைப் பனிக்கட்டிக்குப் போகவிடாமல் தடுப்பதும் அதற்கு ஒன்றே.

இப்பொழுது தூக்கின் பிடியைப் பற்றி, வலமும் இடமுமாகத் திருப்பித் திருப்பிச் சுழற்றுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, மூடியையும் விளிம்பையும் ஈரமில்லாமல் துடைத்தபின் திறந்து, ஓரங்களில் படிந்திருக்கும் உறைவை மரக்கரண்டியால் வழித்து நடுவே தள்ளிக் கிளறுங்கள். துடைக்காமல் திறந்தால் ஒரு சொட்டு உப்புநீர் உள்ளே விழும். விழுந்தால் அத்தனை உழைப்பும் வீண். முப்பது நாற்பது நிமிடத்தில் கூழ் கெட்டியாகிக் கரண்டியில் ஒட்டி நிற்கும். பின்னர் மூடி, அசைக்காமல் அரைமணி நேரம் அப்படியே விட்டுவிட்டால் உண்பதற்குப் பக்குவமாகிவிடும்.

சுழற்றாமலும் கிளறாமலும் சும்மா வைத்துவிட்டால் என்ன என்று சோம்பல் உள்ளவர்கள் கேட்கலாம். அவர்கள் பனங்கற்கண்டை நினைத்துப் பார்க்கட்டும். காய்ச்சிய பாகைப் பானையில் ஊற்றி, நூலைத் தொங்கவிட்டுப் பல நாட்கள் அசையாமல் வைத்துவிடுகிறார்கள். அமைதியாக இருக்கும் பாகில் படிகங்கள் பொறுமையாக வளர்ந்து பெரிய பெரிய கற்கண்டாகின்றன. அதே பாகை விடாமல் கிளறினால் பொடிப்பொடியாக மணல்போல் வருகிறது. பனிக்கட்டியும் படிகமே. அசையாமல் மெல்ல உறைந்தால் பெரிய படிகங்களாகிப் பல்லில் நறநறக்கும். விரைவாகக் குளிர்வித்து, விடாமல் கிளறினால் எண்ணற்ற நுண்படிகங்களாகி நாக்கில் வழுவழுக்கும். பெரிய ஆலைகளில் செய்யும் பனிக்கூழுக்கும் விதி இதுவே.

கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கூழை 30 பாகையிலிருந்து உறைநிலைக்குக் கொண்டுவர, அதிலிருந்து ஏறத்தாழ 18,000 கலோரி வெப்பத்தை நீக்கவேண்டும். பின்னர் அதிலுள்ள தண்ணீரில் 300 கிராம் உறைவதாகக் கொண்டால், கிராமுக்கு 80 வீதம் 24,000 கலோரி. ஆக மொத்தம் 42,000. உருகும் பனிக்கட்டி ஒவ்வொரு கிராமும் 80 கலோரியை ஏற்றுக்கொள்வதால், 525 கிராம் பனிக்கட்டி உருகினால் போதும். அப்படியாயின் இரண்டு கிலோ எதற்கு? எஞ்சியதில் ஒரு பங்கு வாளிக்கும் பாத்திரத்துக்கும் சித்திரை மாதத்துக் காற்றுக்கும் போகிறது. மற்றொரு பங்கு கடைசிவரையில் தூக்கைச் சுற்றி நிற்கவேண்டும். கலவையை முன்னரே குளிர்பதனப் பெட்டியில் வைத்து 10 பாகைக்குக் கொண்டுவந்துவிட்டால் எவ்வளவு பனிக்கட்டி மிச்சம் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பனிக்கட்டியும் உப்பும் வேண்டா, உறைபெட்டியிலேயே செய்துகொள்கிறேன் என்பார்க்கும் வழி உண்டு. வீட்டு உறைபெட்டி பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை அளவில் இருக்கும். கலவையை அகன்ற தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி உள்ளே வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஓரங்கள் உறைந்திருக்கும். முள்கரண்டியால் நன்றாகக் கிளறி மீண்டும் வையுங்கள். அரைமணிக்கு ஒருமுறை மூன்று நான்கு தடவை இவ்வாறு செய்தால், சுழற்றிச் செய்ததைப்போல் அவ்வளவு நுண்மையாக இல்லாவிடினும், சுவையான பனிக்கூழ் கிடைக்கும்.

பழத்துக்குப் பழம் அளவு மாறும். தர்ப்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். ஆகவே தண்ணீர் சேர்க்காமல் சர்க்கரையை மட்டும் கரைக்கவேண்டும். அப்படியும் சற்று நறநறப்பாகவே வரும். மாம்பழத்தில் நீரைப் பற்றி நிறுத்தும் பெக்டின் என்னும் பொருளும் சதைப்பற்றும் இருப்பதால் அது குழைவாக வருகிறது. எல்லாவற்றிலும் எளியது வாழைப்பழம். நன்கு கனிந்த பழத்தை வில்லைகளாக நறுக்கி உறைபெட்டியில் இரவு முழுதும் வைத்து, மறுநாள் மின்அரைப்பானில் அடித்தால், சர்க்கரையும் தண்ணீரும் இல்லாமலே வெண்ணெய்போல் ஆகிவிடும்.

இனி நான் சொல்வதைச் சற்று உன்னிப்பாகக் கேளுங்கள். இன்று நான் பேச வந்ததன் பெரும்பகுதி நோக்கம் இதுவே. குளிர் கிருமிகளைக் கொல்லும் என்று பலர் நம்புகிறார்கள். அது பிழை. கொதிப்பு கொல்லும், குளிர் பெரும்பாலும் உறங்கத்தான் வைக்கும். பனிக்கட்டி உங்கள் வாயில் உருகியவுடன் உறங்கியவை விழித்துக்கொள்கின்றன. நான் பணியாற்றிய ஊர் ஒன்றில், பங்குனித் திருவிழாவில் தள்ளுவண்டியில் விற்ற வண்ணப் பனிக்கட்டியை வாங்கித் தின்ற என் மாணவர் சிலர், இரண்டு வாரத்துக்குள் டைபாய்டு காய்ச்சலில் விழுந்தனர். மருத்துவர் விசாரித்தபோது, மீன்பெட்டிகளுக்கென்று செய்த பனிக்கட்டியைச் சீவியே அதனைச் செய்தார்கள் என்பது தெரிந்தது. எல்லாரும் பிழைத்தனர். ஆனால் வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்த பையன் ஒருவன் ஆண்டுத் தேர்வு எழுத இயலாமல் ஓர் ஆண்டை இழந்தான். வண்டிக்காரர் தீயவர் அல்லர். அவருடைய பிள்ளையும் அதையே தின்றது. பனிக்கட்டி என்றால் தூய்மை என்று அவரும் நம்பியிருந்தார். அறியாமைக்கு நல்லவர் தீயவர் என்னும் வேறுபாடு இல்லை.

ஆதலால் உண்ணும் கலவையில் சேரும் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். கையும் கரண்டியும் பாத்திரமும் தூய்மையாக இருக்கட்டும். வெளியே வாங்கிய பனிக்கட்டியை வாளியில் இடலாம், வாயில் இடவேண்டா. ஒருமுறை உருகி, வெளியே வெகுநேரம் கிடந்த பனிக்கூழை மீண்டும் உறையவைத்து உண்ணவேண்டா. உருகிய நேரத்தில் பெருகிய கிருமிகள் அப்படியே அதில் இருக்கும். இன்னும் ஒன்று: உப்புக் கலந்த பனிக்கட்டியை வெறுங்கையால் அள்ளாதீர்கள். யார் நெடுநேரம் பிடித்திருப்பது என்று சிறுவர்கள் பந்தயம் கட்டுவதுண்டு. அந்தக் குளிர் தோலை நெருப்புப்போலவே புண்ணாக்கிவிடும். கரண்டியையோ தடித்த துணியையோ பயன்படுத்துங்கள்.

வேலை முடிந்தபின் வாளியில் எஞ்சும் உப்புநீரைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், செடி கருகிவிடும். அகன்ற தாம்பாளத்தில் ஊற்றி மாடியில் வெயிலில் வைத்துவிடுங்கள். சில நாட்களில் தண்ணீர் ஆவியாகி உப்பு அடியில் தங்கும். தூத்துக்குடி உப்பளத்தில் நிகழ்வது உங்கள் மாடியிலும் நிகழும். அந்த உப்பு சமையலுக்கு ஆகாது. அடுத்த முறை பனிக்கூழ் செய்ய ஆகும்.

விடுமுறை வேலை என்று ஒன்று கொடுக்காமல் விடைபெற எனக்கு மனம் வரவில்லை. இரண்டு முறை இதனைச் செய்யுங்கள். முதல் முறை நான் சொன்ன அளவிலேயே செய்யுங்கள். இரண்டாம் முறை ஒன்றை மட்டும், சர்க்கரையையோ உப்பின் அளவையோ கிளறும் முறையையோ, மாற்றிச் செய்யுங்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று, எப்படி உறைந்தது, நாக்கில் எப்படி இருந்தது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். பள்ளி திறந்ததும் அந்தத் தாளை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். ஒரே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தவனுக்கு, விளைவு ஏன் மாறியது என்று சொல்ல முடியும். பலவற்றை ஒருசேர மாற்றியவனுக்கு முடியாது. சோதனைக்கூடத்தில் அறிஞர்கள் செய்வதும் அதுவே.

வீட்டில் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு முதலில் கொடுங்கள். இந்த வெயிலில் உங்களைவிட அவர்களுக்கே அது கூடுதலாகத் தேவைப்படும்.